வண்டிக்குப் பின்னால் வந்த சத்தம்

கள்ளிமேட்டுப்பாளையத்து நேர்ரோட்டில் அந்த அமெரிக்க வண்டி போய் ஐம்பத்திரண்டு வருஷம் கழித்து அதன் சத்தம் வந்து சேர்ந்தது. அது ஒரு வியாழக்கிழமை, காலை பதினொன்று பத்து. மில் கேட்டுப் பக்கம் பூமிக்கு அடியில் யாரோ பெரிய அண்டாவை உருட்டுகிற மாதிரி ஒரு உறுமல் கிளம்பி, கண்ணாத்தாள் டீக்கடையின் கண்ணாடி டம்ளர்களை ஒன்றோடொன்று பேசவிட்டு, பஸ் ஸ்டாப்பில் நின்றவர்களின் நெஞ்சுக்கூட்டுக்குள் புகுந்து மறுபக்கம் வெளியேறி, ரோட்டில் வண்டி எதுவும் இல்லாமல் வெறும் சத்தமாகவே கிழக்கே செக்போஸ்ட்டைப் பார்த்துப் போய் மறைந்தது. பொங்கின பாலை இறக்கி வைத்துவிட்டுக் கண்ணாத்தாள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"அது வந்துருச்சாட்ட இருக்குது," என்றாள்.

எது என்று வயசானவர்கள் ஒருவரும் கேட்கவில்லை. அவர்கள் எல்லோரும் ஒரு காலத்தில் இதே ரோட்டோரம் நின்று இதே சத்தத்துக்காகக் காது கொடுத்துக் காத்திருந்தவர்கள். வெயில் ஏறியும் அது வராததால் வீட்டுக்குப் போய், கல்யாணம் கட்டி, பிள்ளை பெற்று, பல் விழுந்து, காத்திருந்ததையே மறந்துபோனவர்கள்.

அந்த நேரத்தில் அங்கப்பன் மூன்றாவது வீதியில் தன் வீட்டு வாசலில் உட்கார்ந்து அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டிருந்தார். எழுபத்து நாலு வயசு. சத்தம் தூரத்தில் எழுந்ததுமே அவருடைய கை நின்றது. எட்டு சிலிண்டர். லாரி ரேடியேட்டர். மணல் அடைத்துச் சூடு காட்டி வளைத்த இரட்டைக் குழாய். எல்லாம் தன் கையால் செய்தது என்று காது ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே வந்தது, எண்ணி முடிகிற இடத்தில், அந்தப் பெரிய உறுமலுக்கு உள்ளே, ஊசி முனை அளவுக்கு, "டிங்... டிங்... டிங்..." என்று இன்னொன்று கேட்டது. அவர் கையிலிருந்த அவரைக்காய் சொளகில் விழுந்தது.

"ஏனுங்கொ, மேலுக்கு முடியலீங்களா?" என்று கேட்டாள் அவர் மனைவி மயிலாத்தாள்.

"ஒண்ணுமில்ல புள்ள," என்றார் அங்கப்பன். அந்த ஒண்ணுமில்லைக்குள் ஐம்பத்திரண்டு வருஷம் இருந்தது.

அந்தக் காலத்தில் ஊரில் ஆதிமூலம் மோட்டார்ஸ் என்று ஒரு ஷோரூம் இருந்தது. டிராக்டர் விற்பார்கள், மோட்டார் சைக்கிள் விற்பார்கள், எப்போதாவது கார் விற்பார்கள். முதலாளி ஆதிமூலத்துக்கு மெட்ராஸில் ஒரு சொந்தக்காரர் ஒரு வெள்ளைக்காரருக்கு டிரைவராக இருந்தார். அவர் பழைய அமெரிக்க மோட்டார் புத்தகங்களைக் கட்டுக் கட்டாக ரயிலில் அனுப்பி வைப்பார். முதலாளி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அந்தப் புத்தகங்களை ஒர்க்ஷாப்பின் நடுவில் உட்கார்ந்து சத்தமாகப் படித்துச் சொல்லுவார். அங்கே கம்பெனிக்காரன் சின்ன வண்டிக்கு இவ்வளவு பெரிய எஞ்சின்தான் போடலாம் என்று கோடு கிழித்து வைத்திருப்பானாம். ஆனால் ஊர் ஊருக்கு வண்டி விற்கிற டீலர்கள் இருக்கிறார்களே, அவர்களில் சில பேர் கம்பெனியிலிருந்து வந்த புது வண்டியை ஷோரூமுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போய், உள்ளே இருந்த எஞ்சினைத் தூக்கி ஓரம் வைத்துவிட்டு, அந்த வண்டியே மிரண்டு போகிற அளவுக்கு ஒரு எஞ்சினை அதன் நெஞ்சுக்குள் இறக்கி, பானெட்டில் கோடு போட்டு, பின்பக்கம் தன் பெயரை அடித்து, சனிக்கிழமை வாங்கு, ஞாயிற்றுக்கிழமை பந்தயத்தில் ஓட்டு என்று விற்பார்களாம். கம்பெனி பேர் முன்னால், டீலர் பேர் பின்னால். முந்தப்பட்டவன் பார்க்கிறது பின்னால் இருக்கிற பேரைத்தானே என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார் முதலாளி.

அங்கப்பனுக்கு நாலாம் வகுப்பு. இங்கிலீஷ் தெரியாது. ஆனால் படம் தெரியும். முதலாளி படித்துக்கொண்டிருக்கும்போது அவர் தோளுக்குப் பின்னால் நின்று, எஞ்சின் எந்தச் சாய்வில் உட்கார்ந்திருக்கிறது, எந்த இரும்பை வெட்டியிருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருப்பார்.

ஒரு நாள் முதலாளி மெட்ராஸ் ஏலத்தில் ஒரு சின்ன செவர்லே வாங்கி வந்தார். இரண்டே கதவு, ஆறு சிலிண்டர், சாதுவான வண்டி. அதே மாதம் மேட்டூர் ரோட்டில் புளியமரத்தில் மோதி நொறுங்கிய ஒரு பெரிய இம்பாலாவையும் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். உடம்பு போன அந்தக் காரில் எட்டு சிலிண்டர் எஞ்சின் மட்டும் ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. முதலாளி இரண்டையும் பார்த்தார், அங்கப்பனைப் பார்த்தார்.

"முடியுமாடா?"

"முடியுங்க."

நாலு மாசம் ஆனது. முன்சக்கரத்துக்கு மேலே இருந்த இரும்புக் கோபுரங்களை வெட்டி எடுத்து, லாரிச் சட்டத்திலிருந்து அறுத்த தகட்டில் எஞ்சினுக்குக் கால் செய்து, பின்பக்கம் போகிற தண்டை லேத்தில் ஒன்றரை சாண் குறைத்து, ஒரு இஞ்ச் இடம் போதாமல் போன இடத்தில் சுத்தியலால் தட்டித் தட்டி அந்த ஒரு இஞ்ச்சை உண்டாக்கி, கடைசியில் அந்த எஞ்சின் அந்த வண்டிக்குள் வயிற்றுப் பிள்ளை மாதிரி சுருண்டு படுத்துக்கொண்டது. முதலாளி பாத்திரக் கடையில் சொல்லி வெண்கலத்தில் தன் பெயரை வார்த்து வாங்கி வந்தார். பெயரைப் பின்பக்கம் வைத்துத் திருகும்போது ஒர்க்ஷாப்பில் பதினோரு பேர் நின்றிருந்தார்கள். அங்கப்பன் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"மொதலாளி, பானெட்டுக்கு உள்ளுக்கு, யாரு கண்ணுக்கும் படாத எடத்துல, சின்னதா எம் பேரை வெட்டிக்கட்டுங்களா?"

முதலாளி திரும்பிப் பார்த்தார். கோபம் இல்லை. சிரிப்புத்தான்.

"ஏண்டா அங்கப்பா, சமைச்சவன் பேரை எலையில எழுதியா ஊர்ல சோறு போடறாங்க?"

பதினோரு பேரும் சிரித்தார்கள். அதில் நாலு பேருக்கு ஸ்பேனர் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவர் அங்கப்பன். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே போய், எல்லோரும் டீ குடிக்கப் போன நேரத்தில் எஞ்சின் மூடியைத் திறந்து, இடது வரிசையில், வால்வைத் தட்டித் திறக்கிற மூன்றாவது டாப்பெட்டின் நட்டை, ஒரு நகக்கண் அளவுக்குத் தளர்த்திவிட்டு மூடினார். ஓடும், ஆனால் டிங் டிங்கென்று அடிக்கும். பட்டறைக்காரன் எவன் கேட்டாலும் உள்ளே ஒன்று சரியில்லை என்று சொல்லிவிடுகிற அடி. நாளைக்கு ஊர் மொத்தமும் ரோட்டோரம் நிற்கும், பெயர் போட்டவன் பெயர் நாறட்டும் என்று நினைத்தார். ஒர்க்ஷாப்பில் பார்த்து அனுப்பின வண்டி அதே கோளாறோடு திரும்பி வந்தால் அதற்கு ரிட்டன் என்று பேர். அங்கப்பன் கையில் ஒரு ரிட்டன் கிடையாது, முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அந்த ஒரு வண்டியைத்தான் அவர் கோளாறோடு அனுப்பினார்.

மறுநாள் தை மாசத்து வியாழக்கிழமை. மில் கேட்டிலிருந்து செக்போஸ்ட் வரைக்கும் ஆறு மைல், நூல் பிடித்த மாதிரி நேர்ரோடு, இரண்டு பக்கமும் புளியமரம், மரத்துக்கு மரம் ஜனம். முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக் கறுப்புக் கண்ணாடி போட்டு உட்கார்ந்தார். வண்டி கிளம்பியதைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். போனதை யாரும் பார்த்ததாகச் சொல்ல முடியாது. மயில்கழுத்து நிறத்தில் ஒரு விரல் ரோட்டின் மேல் ஒரே இழுப்பாக இழுத்துவிட்டுப் போனது மாதிரி இருந்தது, அவ்வளவுதான். தூசி எழவில்லை. காற்று வீசவில்லை. புளிய இலை ஒன்று அசையவில்லை. ஒரு சத்தமும் இல்லை. வண்டி முன்னால் போய்விட்டது, சத்தம் பின்னால் வரும் என்று ஜனம் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு நின்றது. வெயில் உச்சிக்கு ஏறியது. பிள்ளைகள் பசித்து அழுதன. சத்தம் வரவில்லை.

அதற்குப் பிறகு அந்த வண்டிக்குச் சத்தமே இல்லாமல் போயிற்று. சாவியைத் திருப்பினால் நடுங்கும், அமுக்கினால் பறக்கும், சத்தம் மட்டும் வராது. வால்பாறைப் பக்கத்து எஸ்டேட்காரர் ஒருவர் அதே வாரம் வாங்கிக்கொண்டு போய், யானை மிரளாத வண்டி என்று சந்தோஷமாக இருபது வருஷம் ஓட்டினார். அங்கப்பன் வைத்த கோளாறு அவ்வளவு நாளும் உள்ளே அடித்துக்கொண்டுதான் இருந்திருக்கும், கேட்க ஆளில்லை. பழி வாங்கியும் வாங்காத மனுஷனாக அங்கப்பன் வேலையை விட்டு நின்றார், தனியாகக் கூரை போட்டுப் பட்டறை வைத்தார். ஷோரூம் இருந்த தெருவில் பிறகு அவர் கால் வைக்கவில்லை. முதலாளி வீட்டுக் கல்யாணப் பத்திரிகை வந்தால் மாட்டுக்கு முன்னால் போடுவார். முதலாளி செத்த அன்றைக்குக்கூட, பிணம் போகிற வழியில் பட்டறையின் தட்டியைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சமைச்சவன் பேரை எலையில எழுதியா சோறு போடறாங்க என்ற அந்த ஒரு வரியைச் சாப்பிடும் ஒவ்வொரு வேளையும் இலையில் பார்த்தார்.

இப்போது அந்தச் சத்தம் வந்தது. ஒரு தடவையோடு நிற்கவும் இல்லை. அடுத்த வியாழக்கிழமை அதே பதினொன்று பத்துக்கு வந்தது, அதற்கடுத்த வியாழக்கிழமையும் வந்தது, மூன்றாவது வாரத்தில் ஊர் அதற்குப் பழகிக்கொண்டது. டவுன் பஸ் டிரைவர் பதினொன்று எட்டுக்கே வண்டியை இடது ஓரம் ஒதுக்குவார், கண்டக்டர் விசில் கொடுத்து, "கைய வெளிய நீட்டாதீங்க, போகட்டும்" என்பார், அது முந்திக்கொண்டு போனதும் பஸ் கிளம்பும். போலீஸ்காரர்கள் இரும்புத் தடுப்பு வைத்துப் பார்த்தார்கள். சத்தம் அதற்குள் நுழைந்து போனது, தடுப்பு சாயங்காலம் வரைக்கும் தம்பூரா மாதிரி இரைந்துகொண்டிருந்தது. போக்குவரத்து ஆபீசர் ஒருவர் சத்தம் அளக்கும் மெஷினோடு வந்து, அளந்து, அளவு மீறியிருக்கிறது என்று அபராதம் எழுத உட்கார்ந்தார், வண்டி நம்பர் என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனாவை மூடிவிட்டு ஒரு டீ குடித்துவிட்டுப் போனார். விசைத்தறிக்காரர்கள் அந்த நேரத்தில் நூல் அறுவதில்லை என்று கண்டுபிடித்தார்கள். பேச்சு வராத பிள்ளைகளைத் தூக்கிவந்து தாய்மார்கள் ரோட்டோரத்து மைல்கல் பக்கத்தில் நிறுத்தினார்கள். இரண்டு பிள்ளைகளுக்கு அம்மா என்று சொல்ல இன்னும் வரவில்லை, ஆனால் எட்டு சிலிண்டரும் தெளிவாக வந்தது.

எல்லாவற்றையும் விட ஊருக்குப் பிடித்துப்போனது அந்த "டிங்" தான். அவ்வளவு பெரிய உறுமலுக்குள் அவ்வளவு சின்னதாக, ஒரு தாளம் தப்பாமல் கேட்கிறதே, அது எது என்று பேச்சு வந்தபோது, கண்ணாத்தாள் கரண்டியை நீட்டிச் சொன்னாள்.

"கன்னிமார் ஏழு பேர்ல கடைசிப் புள்ளையோட கொலுசுங்க. வண்டி போன வேகத்துல ஓடிவந்து ஏறிக்கிட்டா. அன்னிக்கி எறங்கத் தெரியல, இன்னும் சுத்திக்கிட்டிருக்கறா."

யாரும் அதை மறுக்கவில்லை. அதற்குப் பிறகு பெண்கள் கண்ணை மூடிக்கொண்டு உறுமலை விட்டுவிட்டுக் கொலுசை மட்டும் கேட்கப் பழகிக்கொண்டார்கள். மைல்கல்லுக்கு மஞ்சள் பூசினார்கள்.

"ஏனுங்கொ, ஊரே போவுது. நாமளும் ஒருக்கா போய்க் கேட்டுட்டு வரலாமுங்க," என்றாள் மயிலாத்தாள்.

"எனக்கு இங்கயே கேக்குது," என்றார் அங்கப்பன்.

ஆறாவது வாரம் சென்னையிலிருந்து ஹெலன் சுகிர்தா என்று ஒரு அம்மாள் வந்தார். டீலர்கள் கைவைத்த அமெரிக்க வண்டிகளின் சரித்திரத்தை எழுதுகிறவர். ஒலிப்பதிவு செய்யும் கருவியை மைல்கல் மேல் வைத்துப் பதிவு செய்தார். போட்டுப் பார்த்தபோது அதில் புளிய இலை உதிர்கிற மாதிரி ஒரு சலசலப்பு மட்டும் இருந்தது. அதைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டார். ஆதிமூலத்தின் மகன் ஜெயதேவனைப் போய்ப் பார்த்தார். ஜெயதேவனுக்கும் அறுபத்தெட்டு வயசு. அப்பாவின் ஷோரூமில் இப்போது சத்தமே போடாத பேட்டரி ஸ்கூட்டர் விற்கிறார். மைல்கல் பக்கத்தில் அப்பா பெயரில் ஒரு கருங்கல் நடுவதாக அவர் ஏற்கெனவே முடிவு செய்திருந்தார்.

"அமெரிக்காவுல இப்ப அந்த வண்டிங்களைத் தேடித் தேடி எடுக்கறாங்க சார்," என்றார் ஹெலன். "பின்னால யார் பேர் இருக்குன்னு கண்ணாடி வெச்சுப் பார்க்கறாங்க. ஆனா உள்ள கை வெச்சவங்க பேர் முக்காவாசிக்குத் தெரியாது. இது யார் செஞ்சது?"

"எங்கப்பா."

"ஸ்பேனர் பிடிச்சது?"

"அது... ஆளுங்க," என்றார் ஜெயதேவன்.

அந்தச் சொல் மத்தியானத்துக்குள் கண்ணாத்தாள் கடை வழியாக மூன்றாவது வீதிக்கு வந்து சேர்ந்தது. அங்கப்பன் சட்டையைப் போட்டுக்கொண்டு ஐம்பத்திரண்டு வருஷம் மிதிக்காத தெருவுக்குள் நடந்தார். ஷோரூம் கண்ணாடிக் கதவு தானாகத் திறந்துகொண்டது அவருக்குப் பிடிக்கவில்லை. தள்ளித் திறக்கத்தான் வந்திருந்தார்.

"ஆளுங்கன்னு சொன்னீங்களாமா தம்பி. ஆளுங்க இல்லீங்க. ஆளு. ஒத்தை ஆளு."

"உக்காருங்க அங்கப்பண்ணா. நீங்க வேலை செஞ்சீங்கதான், நான் இல்லைங்கல. பத்துப் பேரு செஞ்சாங்க. உங்க கையுன்னு தனியா எதை வெச்சுச் சொல்றது?"

அங்கப்பன் உட்காரவில்லை. அவர் வாயில் இரண்டு தடவை வார்த்தை வந்து திரும்பிப் போயிற்று. அதைச் சொன்னால்தான் எஞ்சின் அவருடையது. அதைச் சொன்னால் அவர் பட்டறைக்காரனே இல்லை. இன்னும் அங்கேயே உட்கார்ந்திருந்த ஹெலன் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"அந்த டிங்குனு கேக்குதே, அது கொலுசு இல்லீங்க," என்றார் கடைசியில். "எடது வரிசையில மூணாவது டாப்பெட்டு. நாந்தான் லூஸ் பண்ணி வுட்டேன். உங்கப்பன் எல்லாரு முன்னாலயும் சிரிச்சதுக்கு."

ஜெயதேவன் மெதுவாகக் கேட்டார்.

"அதுல எங்கப்பா உக்காந்திருந்தாரேண்ணா."

"ஒண்ணும் ஆயிருக்காது தம்பி. அடிக்கும், அவ்வளவுதான்."

"அந்த வேகத்துல?"

அங்கப்பன் பதில் சொல்ல வாயைத் திறந்தார். இத்தனை வருஷத்தில் அந்த வண்டியை அவர் ஆயிரம் தடவை மனசுக்குள் ஓட்டியிருக்கிறார். அதன் சத்தத்தை நினைத்திருக்கிறார், கூட்டத்தின் சிரிப்பை நினைத்திருக்கிறார். ஸ்டீயரிங்கைப் பிடித்து உள்ளே ஒரு மனுஷன் உட்கார்ந்திருந்ததை ஒரு தடவைகூட நினைத்ததில்லை.

ஜெயதேவன் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்தார். "சரி, வுடுங்க. கல்லுல அப்பா பேருக்குக் கீழ உங்க பேரையும் போட்டுறலாம். ஒரே அளவு எழுத்து. ஆனா இந்த டாப்பெட்டுச் சங்கதி இந்தக் கதவுக்கு வெளிய போவக்கூடாது. பொம்பளைங்க மஞ்சள் பூசிக் கும்புட்டுட்டு இருக்கறாங்க. கொலுசு கொலுசாவே இருக்கட்டும்."

"எழுதினா நான் முழுசா எழுதணுமே சார்," என்றார் ஹெலன்.

"நீங்க புஸ்தகத்துல எழுதிக்கங்க அம்மிணி. கல்லு ஊருக்கு."

அங்கப்பன் தலையை ஆட்டினார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கால் தரையில் படவில்லை. அன்றைக்குத்தான் மயிலாத்தாளிடம் முழுக் கதையையும் சொன்னார். அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள், கேட்டு முடித்துக் குழம்பில் உப்புப் போட்டாள், பிறகு சொன்னாள்:

"அடப் பாவி மனுசா. குத்தத்தை நீங்க வெச்சுப்போட்டு, அவிங்களைப் போயி அம்பது வருசமாத் திட்டிக்கிட்டுக் கெடந்தீங்க?"

"அவன் சிரிச்சான் புள்ள."

"சிரிச்சாங்க. சரி. செத்திருந்தா?"

அங்கப்பன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

திறப்புக்கு முந்தின வியாழக்கிழமை கல் வந்து மைல்கல் பக்கத்தில் நட்டாயிற்று. கல்தச்சன் இன்னும் துணி மூடவில்லை என்று கேள்விப்பட்டு அங்கப்பன் பார்க்கப் போனார். மேலே ஆதிமூலம். கீழே, அதே அளவில், அங்கப்பன். ஒவ்வொரு எழுத்தாக விரலை விட்டுப் பார்த்தார்; எழுத்துக்குள் கல்தூள் இருந்தது, ஊதிவிட்டார். கண் கலங்கியது. அந்த நேரம் பார்த்து மணி பதினொன்று பத்து ஆனது. மில் கேட்டிலிருந்து அது கிளம்பி வந்தது, பஸ் ஒதுங்கியது, பெண்கள் கண்ணை மூடினார்கள், அங்கப்பன் தன் பெயர்மேல் கையை வைத்தபடி நின்றார். அப்போது, கல்லுக்கு நேராக வந்ததும், "டிங்... டிங்... டிங்..."

அவர் கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டார். இது வரைக்கும் அது ஆதிமூலம் வண்டியின் கோளாறு. இப்போது பெயர் வெட்டியாயிற்று. இனிமேல் வியாழக்கிழமை தோறும், கல் இருக்கிற மட்டும், ஊர் முன்னால், அங்கப்பன் பேர் போட்ட எஞ்சினில் டாப்பெட் அடிக்கும். எவனோ ஒரு பட்டறைக்காரன் என்றைக்காவது இந்த வழியாகப் போவான். நின்று கேட்பான். பேரைப் படிப்பான்.

அந்த வாரம் முழுக்க அவர் சரியாகச் சாப்பிடவில்லை. மரப்பெட்டியைத் திறந்து, ஒரு ஸ்பேனர், ஒரு திருப்புளி, டாப்பெட் இடைவெளி அளக்கிற மெல்லிய எஃகு இலைக் கட்டு எல்லாவற்றையும் எடுத்துத் துரு போகத் தேய்த்தார். மயிலாத்தாள் தேய்க்கிறதற்கு மண்ணெண்ணெய் கொண்டுவந்து வைத்தாள்.

திறப்பு விழா அன்றைக்கு ரோட்டின் இரண்டு பக்கமும் ஜனம். கல்லுக்குப் பட்டுத் துணி மூடியிருந்தது. ஜெயதேவன் வெள்ளை வேட்டியில் நின்றார், ஹெலன் நோட்டோடு நின்றார், கண்ணாத்தாள் கடையை அடைத்துவிட்டு வந்திருந்தாள். பதினொன்று எட்டுக்குப் பஸ் ஒதுங்கியது. பதினொன்று ஒன்பதுக்கு அங்கப்பன் துணிப்பையோடு நடந்துபோய் நடுரோட்டில் நின்றார்.

"யோவ் பெருசு, ஓரம் வாய்யா!" என்றார் போலீஸ்காரர்.

"வேலை இருக்குது சாமி," என்றார் அங்கப்பன்.

அது கிளம்பியது. மில் கேட்டில் அண்டா உருண்டது, தார் ரோடு அதிர்ந்தது, அங்கப்பனின் செருப்பு வழியாக முழங்காலுக்கு ஏறியது. ஜனத்தில் யாரோ வீறிட்டார்கள். அவர் ஓடவில்லை. ஒர்க்ஷாப்புக்குள் வண்டி ஏறி வரும்போது டிரைவருக்குக் காட்டுகிற மாதிரி, உள்ளங்கையைக் கீழே பார்த்து வைத்து இரண்டு தடவை அமர்த்திக் காட்டினார். மெதுவா. மெதுவா.

சத்தம் மெதுவாயிற்று.

உறுமல் இறங்கி, இறங்கி, அவருக்கு ஒரு முழம் முன்னால் வந்து, எதையோ தின்று முடித்த மிருகம் மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டு, டம டம டம என்று நின்றது. அவர் முகத்தில் ரேடியேட்டர் சூடு அடித்தது. பழைய பெட்ரோல் வாசம் அடித்தது. ஊர் வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றது. அங்கப்பன் குனிந்து, காற்றில் ஒரு இடத்தில் விரலை விட்டுக் கொக்கியைத் தேடி நீக்கி, இரண்டு கையாலும் பானெட்டைத் தூக்கி நிறுத்தினார். தூக்கியதும் சத்தம் பெரிதாயிற்று. இடது பக்கம் போய் மூடியைக் கழற்றினார். கழற்றியதும், இத்தனை வாரமாகக் கொலுசாக இருந்தது பளீரென்று, இரும்பின்மேல் இரும்பு அடிக்கிற அடியாக, ஒவ்வொருவர் பல்லிலும் கேட்டது.

"இது கொலுசில்லீங்க!" என்று அவர் திரும்பாமலே கத்தினார். "நான் வெச்ச குத்தம்! நாந்தான் வெச்சேன்!"

ஒன்று, இரண்டு, மூன்று. அவருடைய கை தேடவில்லை. ஐம்பத்திரண்டு வருஷமாக அங்கேயே இருந்துவிட்டு வந்த கை மாதிரி நேரே போயிற்று. எஃகு இலையைக் காற்றுக்குள் செருகினார், ஸ்பேனரைப் போட்டார், ஓடுகிற எஞ்சினில் ஒரு நகக்கண் திருப்பினார். டிங். இன்னும் ஒரு மயிரிழை. டி. இன்னும் ஒரு மயிரிழை.

நின்றது.

அதற்குப் பிறகு கேட்ட சத்தத்தை எப்படிச் சொல்வது என்று அந்த ஊரில் இன்றைக்கும் யாருக்கும் தெரியாது. எட்டும் ஒரே வாயாகப் பேசியது. நல்ல மழைக்கு முந்தி மலைக்குப் பின்னால் கேட்கிற மாதிரி, பிள்ளை வயிற்றில் இருக்கும்போது அம்மாவின் நெஞ்சு அதற்குக் கேட்கிற மாதிரி என்றெல்லாம் சொல்லிப் பார்ப்பார்கள், சொல்லிவிட்டு அதில்லை என்று தலையை ஆட்டுவார்கள். ஒர்க்ஷாப் பதினோரு பேரில் மிச்சமிருந்த ஒரே ஆள் கூட்டத்தில் நின்று குலுங்கிக் குலுங்கி அழுதார். அங்கப்பன் மூடியைப் போட்டு இறுக்கினார், பானெட்டை இறக்கினார், தோள் துண்டால் ஒரு துடை துடைத்தார். பழக்கத்தில் பானெட்டை இரண்டு தட்டுத் தட்டினார். உள்ளே உட்கார்ந்திருக்கிறவரைப் பார்த்துச் சொல்கிற மாதிரி, தலையைக் கொஞ்சம் தாழ்த்தி, "பாத்துப் போங்க மொதலாளி," என்றார்.

அவர் ஒதுங்கினார். அது கிளம்பியது. இந்தத் தடவை அதற்குப் பின்னாலேயே, அன்றைக்கு வராத காற்று வந்தது. ஆறு மைல் காற்று ஒரே மூச்சாக வந்து துண்டுகளைப் பறித்தது, கல்லின் பட்டுத் துணியைத் தூக்கி எறிந்தது, அன்றைக்கு எழாத தூசியை எழுப்பியது. நாலுவழிச் சாலைக்காக என்றைக்கோ வெட்டிப் போட்ட மரங்களின் புளிய இலைகள் மேலேயிருந்து பொழிந்தன, பொடிப் பொடியாக, பச்சையாக, பஸ் கூரைமேல், போலீஸ்காரர் தொப்பிமேல், ஹெலனின் திறந்த நோட்டின்மேல். கல்லில் இருந்த இரண்டு பெயர்களையும் அப்போது யாரும் படிக்கவில்லை. எல்லோரும் மேலே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஜெயதேவன் மட்டும் உள்ளங்கையில் விழுந்த இலைகளை மூடிக்கொண்டு, செக்போஸ்ட் பக்கம் திரும்பி, கைகூப்பி நின்றார்.

"கொலுசைக் கழட்டிப் போட்டியே பாவி!" என்று கண்ணாத்தாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

அடுத்த வியாழக்கிழமை பதினொன்று எட்டுக்குப் பஸ் ஒதுங்கி நின்றது. பெண்கள் கண்ணை மூடினார்கள். பதினொன்று பத்து ஆனது, பதினொன்றே கால் ஆனது, பன்னிரண்டு ஆனது. ஒன்றும் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. கண்ணாத்தாள் அங்கப்பனுக்கு டீ கொடுப்பதை நிறுத்தினாள். மைல்கல்லில் மஞ்சள் காய்ந்து உதிர்ந்தது. பேச்சு வராத இரண்டு பிள்ளைகள் மட்டும் அந்த நேரத்துக்கு ரோட்டைப் பார்த்து எட்டு சிலிண்டரை வாயால் ஓட்டின. அதில் டிங் இல்லை.

நாலாவது வியாழக்கிழமை மத்தியானம் மயிலாத்தாள் கடைவீதியிலிருந்து வந்து பையை இறக்கி வைத்தாள். அங்கப்பன் வாசலில் அவரைக்காயோடு உட்கார்ந்திருந்தார்.

"இன்னிக்கும் வரலீங்க. ஊரே உங்களைத்தான் பேசுது."

"எதுக்கு புள்ள வரும்?" என்றார் அங்கப்பன், ஒரு நாரை நுனியிலிருந்து அடிவரைக்கும் அறாமல் உரித்தபடி. "சரியாப் பாத்து அனுப்புன வண்டி."